உலகம் தலையைச் சொறிந்த கதை

மலேசியப் பெண்கள் ராத்திரி கூந்தலை மண்ணுக்குள் புதைத்துவிட்டுத் தூங்குவார்களாம். நான் சொல்லவில்லை. முடியில் வரும் பூஞ்சை நோய்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளில் இப்படி ஒரு வரி வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மண்ணிலிருந்து பூஞ்சை ஏறி, முடியில் கறுப்புக் கறுப்பாக முடிச்சுப் போடுமாம். அது அழகு என்று நினைத்து அவர்களே ஆசையாக வளர்ப்பார்களாம். எந்த ஊர்ப் பெண்கள், எந்தக் காலத்தில், பார்த்த புண்ணியவான் யார் என்ற விவரமெல்லாம் நான் பார்த்த குறிப்புகளில் கிடையாது. 'மலேசியப் பெண்கள்' என்றால் போதும் என்று விட்டுவிட்டார்கள். நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர்.

மலேசியாவின் செனாயில் யாராவது இதைச் செய்து பார்த்தால் பூஞ்சை வருவதற்கு முன்னால் எறும்பு வரும், எறும்புக்கு முன்னால் மழை வரும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே முதுகு வளைந்த என் அத்தையிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். "விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திருச்சு பெரட்டுக்கு ஓடுனவ நானு. எண்ணெ வைக்கவே நேரமில்ல, இதுல மண்ணுல வேற தலய நடணுமா? எழுதுனவனக் கூட்டிட்டு வாடா, அவன் தலய நட்டு வைக்கிறேன்" என்றார்.

அந்த நோய்க்குக் கரும்பியெத்ரா என்று பெயர். 1911-இல் பிரேசிலில் பாவுலோ ஹோர்ட்டா என்ற மருத்துவர் அதை விவரித்தார். 1928-இல் பூஞ்சைக்கே அவர் பெயரைச் சூட்டி பியெத்ராயா ஹோர்ட்டே ஆக்கினார்கள். வாழ்நாள் உழைப்புக்கு முடியழுக்கில் ஒரு பெயர்ப்பலகை. முடித்தண்டைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதான கறுப்பு முடிச்சுகள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சீப்பை இழுத்தால் சத்தம் கேட்கும். அரிப்பு இல்லை, வலி இல்லை, தலைத்தோலை அது சீண்டுவதுகூட இல்லை. குரங்கு மயிரிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அழகுக்காக வளர்த்ததாக யாரும் எழுதவில்லை. 1964-இல் அமெரிக்கத் தோல் மருத்துவ ஏடு ஒன்றில், அழகு கருதி இந்தப் பூஞ்சையை வளர்ப்பது பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. ஏட்டில் வந்துவிட்டால் அப்புறம் அதை இறக்கி வைக்க யாரால் முடியும்?

மருத்துவ வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் இதே கூத்துதான். தலையில் வருகிற விநோத நோய் எப்போதும் அடுத்தவன் தலையில்தான் முதலில் வந்திருக்கிறது. நம் தலை சுத்தம். நமக்கு வந்ததென்றால் அவனிடமிருந்து ஒட்டியது.

லண்டனைப் பாருங்கள். 1860-களில் அந்த ஊர்ச் சீமாட்டிகள் பின்னந்தலையில் ஒரு கொண்டை போட்டார்கள். போட்டார்கள் என்பதைவிடச் சுமந்தார்கள் என்பது சரி. சொந்த முடி அதற்குக் காணாது. ஆகவே ஐரோப்பாவின் ஏழைப் பெண்களிடமிருந்து மூட்டை மூட்டையாக முடி வந்து இறங்கியது. 1865-இல் ஹெர்மன் பைகல் என்ற மருத்துவர் அப்படிப்பட்ட ஒட்டுமுடியை உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்து, அதில் சின்னச் சின்ன முடிச்சுகளைக் கண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ரஷ்யாவிலிருந்து லிண்டெமான் என்றொருவர், முடியில் ஒட்டியிருப்பது கிரகரைன் என்ற ஒட்டுண்ணி என்று அறிவிக்க, 1867-இல் லண்டன் பத்திரிகைகளுக்குத் தீபாவளி வந்துவிட்டது. நடன மண்டபத்தின் வெக்கையில் அந்த உயிரிகள் விழித்துக்கொள்ளும், லட்சக்கணக்கில் பறக்கும், மூச்சில் நுழையும், விருந்துப் பலகாரத்தில் விழும் என்று எழுதித் தள்ளினார்கள். யாருடைய முடியாம்? ரஷ்யக் குடியானவர்களுடையதாம். அவர்கள்தான் குளிக்கமாட்டார்களாம். அந்தக் குடியானவப் பெண்ணின் முடியைக் காசு கொடுத்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது யார் என்ற கேள்வியைப் பத்திரிகைகள் நாகரிகம் கருதித் தவிர்த்துவிட்டன.

அதே 1867-இல் தாவரவியலார் வந்து, இது ஒட்டுண்ணி இல்லை, ஒரு பாசி என்று தீர்ப்புச் சொல்லி பைகல் பெயரை அதற்கு வைத்தார்கள். பாசியும் இல்லை, பூஞ்சை என்று தெளிய இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. 1890-இல் பேரெண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அந்தக் குடும்பத்துப் பூஞ்சையை ஒழுங்காக அடையாளம் கண்டு, டிரைக்கோஸ்போரான் என்று பெயர் சூட்டினார். எங்கே கிடைத்தது தெரியுமா? ரஷ்யக் குடியானவள் கூந்தலில் இல்லை. ஓர் ஆணின் மீசையில். வெண்பியெத்ரா என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

லண்டன் கூத்து ஓரிரு வருடத்தில் முடிந்தது. போலந்துக் கூத்து முந்நூறு வருடம் ஓடியது.

போலந்தில் கொல்துன் என்பார்கள். முடி சிக்கி, எண்ணெயும் அழுக்கும் சீழும் சேர்ந்து இறுகி, அவிழ்க்க முடியாத ஒரே கட்டியாகத் தொங்கும். 1599-இல் ஸமோஷ்ச் நகரக் கல்விக்கழகத்தின் தலைவர் ஸ்தார்னிகல், இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். எங்கள் ஜனங்களுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, எலும்பை உடைக்கிறது, கைகாலை முறுக்குகிறது, முதுகைக் கூனாக்குகிறது, கடைசியில் தலையில் சடையாக வெளியே வருகிறது, அதை வெட்டினால் நோய் உடம்புக்குள் திரும்பிப் பாய்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். பாதுவாவில் எர்குலே ஸாஸோனியா என்ற பேராசிரியர் இருந்தார். 'நல்ல சீப்பு ஒன்று வாங்குங்கள்' என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். பேராசிரியர் அப்படிச் செய்வாரா? 1600-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா. புத்தகம் வந்தால் நோய் நிஜமாகிவிடும். சடை என்பது உள்ளே கிடக்கும் நோயை வெளியே இழுத்துக் கட்டி வைக்கும் வடிகால், அதைத் தொட்டால் கண் போகும், புத்தி போகும், உயிரே போகும் என்று நம்பினார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் வேண்டுமென்றே முடியைச் சிக்கவிட்டு, கம்பளிக் குல்லாய் மாட்டிச் சடையை வளர்த்தார்கள். ஜெர்மானியர் இதற்கு விஸ்துலாச் சடை என்று பேர் வைத்து, பழியைப் போலந்தின் விஸ்துலா ஆற்றின் மேல் போட்டார்கள். ஆற்றின் மேல் போட்டுத் திருப்தி வராதவர்கள் யூதச் சடை என்றார்கள். சரி, போலந்துக்காரர் யார் மேல் போட்டார்கள்? குதிரையில் வந்த தார்த்தாரியர் மேல். படையெடுத்து வந்தபோது தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டுப் போனார்களாம். தார்த்தாரியர் யாரைச் சொன்னார்களோ, அவர்கள் பக்கத்தில் இத்தாலியப் பேராசிரியர் இல்லாததால் அது நூலேறவில்லை.

இதே சமாசாரம் ராஜா தலையில் வந்தால் கதை வேறு. டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியான் 1588-இலிருந்து 1648 வரை அரியணையில் இருந்தவர். அவர் தலையின் இடப்பக்கத்தில் ஒரு சடை தொங்கியது, ஓவியங்களிலும் தெரிகிறது. இந்த நோயின் சாயல்தான் அது என்று பிற்காலத்தவர் ஊகிக்கிறார்கள். யாராவது வெட்டச் சொன்னார்களா? வெட்டச் சொல்ல எத்தனை தலை வேண்டும்! அரசவையினர் தாங்களும் ஒரு பக்கம் சடை விட்டுக்கொண்டார்கள் என்பது கதை. சிவப்பு ரிப்பன் கட்டிய அந்தச் சடை கோப்பன்ஹேகனில் ரோசன்போர்க் அரண்மனையில் இன்றும் இருக்கிறது. குடியானவன் தலையில் இருந்தால் அழுக்கு, மன்னர் தலையில் இருந்தால் கண்ணாடிப் பெட்டி.

நெப்போலியனின் படை மருத்துவர் லாரே 1807-இல் போலந்துக்கு வந்தபோதே இதைப் பார்த்துவிட்டு, இது நோயே இல்லை, வாராத தலை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கேட்கவில்லை. கேட்க வைத்தவர் கிராக்கோவ் பேராசிரியர் யூசெஃப் தீட்டில். லேசுப்பட்ட ஆளில்லை. நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தைக் கத்தியால் திறந்துவிடுவது வைத்தியமாக இருந்த காலத்தில், ரத்தம் எடுத்தவர்கள்தான் அதிகமாகச் சாகிறார்கள் என்று 1849-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர். பின்னால் 1866 முதல் 1874 வரை கிராக்கோவ் மேயர். இவர் சடைக்காரர்களை எண்ணிக் கணக்கெடுத்தார். சடையோடு பள்ளிக்கூடத்துக்குள் வராதே, அலுவலகத்துக்குள் நுழையாதே என்றார். தர்ம உதவியை நிறுத்தச் சொன்னார். கட்டாயமாக வெட்டவும் வைத்தார். இதற்கெல்லாம் அசையாத ஜனம் ஒரு வதந்திக்கு அசைந்தது. சடைக்கு வரி வரப்போகிறது! முந்நூறு வருடமாக வெட்டினால் உயிர் போகும் என்று நம்பியவர்கள் கத்தரிக்கோலைத் தேடி ஓடினார்கள். உயிர் போனாலும் போகட்டும், வரி கட்ட முடியுமா? கிராக்கோவ் மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் ஒன்றரை மீட்டர் நீளச் சடை ஒன்றைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், முடியின் மேற்பரப்பில் ஓட்டு வரிசை போலச் செதில்கள் உண்டு. கழுவாமல் வாராமல் விட்டால் அவை ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். அழுக்கும் வியர்வையும் பசையாகும். அபூர்வமாகச் சிலருக்கு ஒரே தலைக்குளியலில் திடீரென்று முழு முடியும் இறுகிவிடுவதும் உண்டு. ஒரு மருத்துவர் 1884-இல் அதற்கு 'நரம்புச் சடை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வந்தது. அந்தக் காலத்தில் பெண்ணுக்கு என்ன வந்தாலும் காரணம் நரம்பு.

நம் பக்கம் வாருங்கள். அதே சிக்கு, அதே அழுக்கு, வெட்டினால் ஆபத்து என்ற அதே பயம். ஆனால் நாம் மாலை போட்டோம். பெரிய புராணத்து மூர்த்தி நாயனாரைப் பட்டத்து யானை தூக்கிக்கொண்டு வந்து மதுரைக்கு ராஜாவாக்கியபோது, பொன்முடி வேண்டாம், சடைமுடியே முடியாக இருக்கட்டும் என்றார். திருநீறும் உருத்திராக்கமும் சடையுமாக நாட்டை ஆண்டார். தீட்டில் அப்போது மதுரை மேயராக இருந்திருந்தால் மன்னர் தம் அரண்மனைக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது.

கதிர்காமத்தில் சடை விழுந்த சாமியாடிப் பெண்களை இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர நேரில் கண்டு, பேசி, 1981-இல் 'மெடூசாவின் கூந்தல்' என்ற நூலை எழுதினார். சடை சாமி கொடுத்த வரம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். குடிகாரக் கணவன், செத்துப்போன உறவு, தீராத துக்கம் எல்லாவற்றுக்கும் பிறகு அவர்கள் தலையில் வந்து இறங்கியது அது. பேராசிரியருக்குச் சடை ஆடுவதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது முருகன் இல்லை, கிரேக்கத்துப் பாம்புத்தலைப் பெண்ணும் ஃப்ராய்டும். படித்தவர்களுக்கு இது ஒரு தொந்தரவு. ஆனால் அந்தப் பெண்களைக் கேலி செய்யாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர் என்ற வகையில், தீட்டிலைவிடவும் பாதுவாப் பேராசிரியரைவிடவும் எனக்கு இவரைப் பிடிக்கும்.

சடை போனால் பொறுக்கு. ஃபேவஸ் என்று ஒரு தலைத்தோல் நோய். மஞ்சள் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பொறுக்குத் தட்டி, முடி வேரோடு செத்து, தழும்பு நிலைத்துவிடும். எலி நாற்றம் அடிக்கும் என்பது அதன் அடையாளங்களில் ஒன்று. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நெற்றிக்கண் திறக்கும் அளவுக்கு மதுரையில் ஒரு சண்டை நடந்ததே, நக்கீரரைப் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துப் போயிருந்தால் இறைவன் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். தலைக்கென்று மணம் உண்டு, புலவரே. என்ன மணம் என்றுதான் கேட்கக்கூடாது.

வைத்தியம் இன்னும் பிரமாதம். துணியில் கீலைக் காய்ச்சித் தடவி, குழந்தையின் தலையில் குல்லாய் மாதிரி ஒட்டுவார்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டதும் ஒரே இழுப்பு. முடி, பொறுக்கு, தோல் எல்லாம் கையோடு வரும். குழந்தைகளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஹோன் சகோதரர்கள் என்று இரண்டு பேர், மருத்துவம் படிக்காதவர்கள், வலிக்காமல் முடியை உதிர்க்கும் ரகசியப் பொடியோடு வந்து அந்த மருத்துவமனைக்குள்ளேயே இடம் பிடித்தார்கள். படித்த வைத்தியர் பிய்த்தெடுத்தார், படிக்காதவர் பொடி தூவினார். நான் அந்தக் குழந்தையாக இருந்தால் யாரிடம் போயிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே தலைமை மருத்துவராக இருந்த அலிபேர், தோல் நோய்களையெல்லாம் கிளையும் இலையுமாக ஒரு மரமாக வரைந்து 1829-இல் காட்டியவர். 1837-இல் அவர் இன்னொரு விசித்திரத்தையும் எழுதி வைத்தார். தலைத்தோல் தடித்து, மேடும் பள்ளமுமாக மடிந்து, மூளையை வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்த தோற்றம். பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். 1907-இல் உன்னா என்பவர் இதற்கு நீளமான லத்தீன் பெயர் ஒன்றைத் தந்தார். வாரினாலும் படியாது, சலவை செய்தாலும் மடிப்புப் போகாது.

ஃபேவஸுக்கு இன்னொரு பெருமை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1835-இல் இத்தாலியில் அகோஸ்தீனோ பாஸி பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது என்று காட்டினார். அதைப் படித்த ஷோன்லைன் என்ற மருத்துவர், பட்டுப்புழுவுக்கு வந்தால் மனுஷனுக்கு வராதா என்று ஃபேவஸ் பொறுக்கை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். பூஞ்சை! 1839-இல் வந்த அவர் கட்டுரை மிகச் சிறியது. மனித நோய் ஒன்றுக்கு நுண்ணுயிர் காரணம் என்ற கண்டுபிடிப்பு இங்கேதான் தொடங்கியது. கோக் ஆந்த்ராக்ஸைப் பிடித்ததெல்லாம் 1876-இல். நவீன மருத்துவத்தின் பிள்ளையார் சுழி ஒரு சொறித்தலையில் போடப்பட்டது.

ஷோன்லைன் எழுதிவிட்டுப் போய்விட்டார். நிரூபித்தவர் ரேமாக் என்ற மருத்துவர். அந்தப் பூஞ்சையைத் தன் கையிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு நோயை வரவழைத்துப் பார்த்தார், ஆப்பிள் துண்டில் வளர்த்தும் காட்டினார். 1845-இல் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை கிடைத்தபோது தன் பெயரை வைக்கவில்லை, ஷோன்லைன் பெயரை வைத்தார். யூதர் என்பதால் பிரஷ்யப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைப்பதே போராட்டமாக இருந்தது. அழுக்குச் சடைக்கு யூதர் பெயரைத் தாராளமாகக் கொடுத்த தேசம், பேராசிரியர் நாற்காலியைக் கொடுக்க யோசித்தது.

அமெரிக்காவும் விட்டுவைக்கவில்லை. எல்லிஸ் தீவு 1892-இல் திறந்தபிறகு கப்பலில் வந்து இறங்கியவர்களின் தொப்பியைக் கழற்றித் தலையைப் பார்த்தார்கள். ஃபேவஸ் இருந்தால் அருவருப்பான நோய் என்ற பட்டியலில் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நம் பாட்டன்மார் சிங்கப்பூர் பக்கம் வந்து சேர்ந்தபோது, 1874 முதல் இருந்த செயின்ட் ஜான்ஸ் தீவு முகாமில் காலராவையும் அம்மையையும் தேடினார்கள். ரப்பர் வெட்டப் போகிறவன் தலையில் பொறுக்கு இருந்தால் என்ன, கணக்கில் ஒரு தலை சேர்ந்தால் சரி.

20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் விஞ்ஞானம் முன்னேறியது. குழந்தைகளுக்குத்தான் ஆபத்து கூடியது. தலைப் படர்தாமரைக்கு முடியை உதிர்க்க வேண்டும், சரி. எதை வைத்து? தாலியம் உப்பைக் குடிக்கக் கொடுத்தார்கள். அதே தாலியம் எலி மருந்தாகவும் கடையில் இருந்தது. மருந்தின் அளவுக்கும் விஷத்தின் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. சில குழந்தைகள் இறந்தே போயின. அகதா கிறிஸ்டி 1961-இல் 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் கொலைக்கு இந்தத் தாலியத்தைத்தான் எடுத்துக்கொண்டார், முடி கொட்டுவதுதான் அங்கே துப்பு.

இன்னொரு வழி எக்ஸ்-ரே. ரோண்ட்கன் 1895-இல் கண்டுபிடித்தார். மறு வருடமே வியன்னாவில் ஒரு சிறுமியின் முதுகு மச்சத்து முடியை உதிர்க்க ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் அதைப் பாய்ச்சிவிட்டார். பாரிஸில் சபூரோ 1904-இல் தலைக்கென்று கணக்கான முறையை வகுத்தார். ஆண்டுக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல் மருத்துவமனையில் கிடந்த குழந்தைகள் சில மாதங்களில் வீட்டுக்குப் போனார்கள். சபூரோவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, அன்றைக்கு அது வரமாகத்தான் இருந்தது. அவர் பூஞ்சை வளர்க்கக் கண்டுபிடித்த தீனியை இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வகங்களில் சபூரோ அகார் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த எக்ஸ்-ரே ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியது. 1948-க்குப் பிறகு இஸ்ரேலில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் வந்திறங்கிய குடும்பங்களின் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அதன் கீழே உட்கார்ந்தார்கள். இவர்களிடம் மூளைக் கட்டியும் தைராய்டுப் புற்றும் கூடுதலாக வருவதை மோதான் என்ற மருத்துவர் 1974-இல் எடுத்துக்காட்டினார். நஷ்ட ஈட்டுக்குச் சட்டம் வந்தது 1994-இல். அங்கேயும் புதிதாக வந்தவன் தலைதான்.

இத்தனைக்கும் மருந்து பக்கத்திலேயே இருந்தது. கிரிசியோஃபல்வின் என்ற பொருளை 1939-இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது படர்தாமரைக்கு ஆகும் என்று கினிப் பன்றிக்குக் கொடுத்துப் பார்க்க 1958 வரை யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தார்கள், குணமானது, மாத்திரை வந்தது, கீலும் தாலியமும் எக்ஸ்-ரேயும் கடையைக் கட்டின.

எங்கள் தோட்டத்துக்கு மட்டும் அந்தச் செய்தி மெதுவாக வந்தது. அங்கே மருந்து போடும் டிரெஸ்ஸர் வைத்திருந்தது ஊதா மருந்து, ஜென்ஷியன் வயலட். தலையில் வட்டம் வட்டமாக முடி கொட்டிய பிள்ளைகளை மருந்துக் கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார வைப்பார்கள். முதலில் மொட்டை. சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தத்திலேயே பாதிப் பிள்ளைகள் அழுதுவிடும். அப்புறம் குச்சியில் பஞ்சைச் சுற்றி, புட்டிக்குள் முக்கி, உச்சியிலிருந்து காது வரை பூசுவார். மருந்து வழிந்து கழுத்தில், சட்டைக் காலரில், அம்மாவின் முந்தானையில் எல்லாம் ஊதா. ஒரு வாரத்துக்குத் தமிழ்ப்பள்ளியின் முதல் மூன்று பெஞ்சும் கத்தரிக்காய்த் தோட்டம்.

யார் கொண்டு வந்தது என்பதில்தான் சண்டை. கீழ் லயத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒட்டியது என்றது மேல் லயம். மேல் லயத்தில் முடி வெட்டுகிறவரின் கத்தியால் பரவியது என்றது கீழ் லயம். இரண்டு லயமும் சேர்ந்து, புதிதாக வந்திருக்கும் குடும்பம் என்றன. இரண்டு வாரம் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வார்த்தை கிடையாது. மலேசியாவில் குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்குப் பெரிய காரணம் பூனை நாயிடமிருந்து ஒட்டும் பூஞ்சை என்பது மருத்துவருக்கு இன்று பாலபாடம். எங்கள் தோட்டத்தில் இரண்டு லயத்துப் பிள்ளைகளும் முறை போட்டுத் தூக்கி வைத்துக் கொஞ்சிய மஞ்சள் பூனைக்குட்டி ஒன்று இருந்தது. காதோரத்தில் அதற்கும் முடி இல்லை. மருந்து பூசும் நேரத்தில் அது டிரெஸ்ஸரின் நாற்காலிக்குக் கீழேதான் படுத்திருக்கும்.

பூஞ்சையே இல்லாமல் வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டு. உடம்பின் காவல்படை ஆள் தெரியாமல் சொந்த முடிவேரையே தாக்குவதால் வருவது. இதற்கு ஊரில் வைத்தியர் பஞ்சமே கிடையாது. ஆற்றுத்தும்மட்டிக் காயை அரிந்து தேய் என்பார் ஒருவர், சின்ன வெங்காயத்தைத் தேய் என்பார் இன்னொருவர், கோடாலித் தைலத்தைப் போட்டு எரிச்சல் தாங்காமல் குழாயடிக்கு ஓடியவரையும் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். பாக்தாத் மருத்துவர்கள் இரண்டு பேர் சிரிக்காமல் சோதித்தே பார்த்தார்கள், 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். 23 பேர் தினம் இரண்டு வேளை வெங்காயச் சாற்றைத் தலையில் தேய்த்தார்கள். ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது. வெங்காயம் தோலை உறுத்துகிறது, காவல்படையின் கவனம் அந்த உறுத்தலின் பக்கம் திரும்புகிறது, வேர் தப்பித்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். சின்னச் சோதனைதான், தேய்ப்பது வெங்காயம் என்பதை யாரிடமும் மறைக்கவும் முடியாது, மூக்கு சொல்லிவிடும். தவிரவும் இந்த நோயில் சிலருக்குத் தானாகவே முடி திரும்பும்.

என் கவலையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட இன்னொரு 15 பேரைப் பற்றி. அவர்களுக்குக் கொடுத்தது குழாய்த் தண்ணீர். தினம் இரண்டு வேளை, இரண்டு மாதம், பக்தியோடு தேய்த்தார்கள். 13 பேருக்கு ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு பேருக்கு முளைத்துவிட்டது. அந்த இருவரும் இப்போது எங்கேயாவது உட்கார்ந்து, தண்ணீர் என்றால் சும்மா இல்லை, எந்த வேளை எப்படித் தேய்க்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது என்று யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பார்கள்.